பெலாங்காஸின் முதுகில் குடியிருப்பவை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பந்திங் வட்டாரத்துத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளை, கடல் வற்றும் நேரம் பார்த்து மோரிப் கரைக்கு அழைத்துப் போவது பல ஆண்டுகளாக என் வழக்கம். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பித்த நாளில் தொடங்கியது, பணி ஓய்வுக்குப் பிறகும் நிற்கவில்லை. செம்பனைக் காட்டிலிருந்து அரை மணி நேரத்தில் கடல் வந்துவிடும். ஆனாலும் பல பிள்ளைகளுக்கு அந்தச் சேற்றுவெளியில் உயிருள்ள பெலாங்காஸை, அதாவது மலாயில் அப்படி அழைக்கப்படும் லாட நண்டைப் பார்ப்பது அதுதான் முதல் முறை. பார்த்ததும் கேள்விகள் கிளம்பும், அவற்றில் பாதி அதன் முதுகில் ஒட்டியிருப்பவற்றைப் பற்றியதாக இருக்கும். பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைக் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன்.

டீச்சர், பெலாங்காஸ் நண்டுதானே?

இல்லை. தமிழில் லாட நண்டு, குதிரைலாட நண்டு என்று எழுதுவதால் வந்த குழப்பம் இது. குதிரையின் லாடம் போல் வளைந்த ஓடு இருப்பது உண்மை, நண்டு என்பது உண்மையல்ல. நண்டுக்கு இருக்கும் உணர்கொம்புகள் இதற்கு இல்லை. வாய்க்கு முன்னால் ஒரு சிறிய இடுக்கி இணை இருக்கும். சிலந்திக்கும் தேளுக்கும் உள்ள வாய் உறுப்போடு சேர்த்து எண்ண வேண்டியது அது. உலகில் இன்று உயிரோடிருக்கும் லாட நண்டு இனங்கள் மொத்தம் நான்கே.

இதில் வேடிக்கையான உண்மை ஒன்று உண்டு. அதன் முதுகில் கல் போல ஒட்டியிருக்கும் பார்னக்கிள்தான் நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தக்காரர். சுமக்கிறது சிலந்தியின் உறவு, சவாரி செய்கிறது நண்டின் உறவு. வெளித்தோற்றத்தை நம்பிப் பெயர் வைக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

நம் பக்கம் எத்தனை வகை இருக்கிறது? எப்படிப் பிரித்துச் சொல்வது?

தீபகற்ப மலேசியாவின் கரைகளில் இரண்டு. வாலைப் பாருங்கள். வால் உருண்டையாக, வழுவழுப்பாக இருந்தால் அது கார்சினோஸ்கார்பியஸ் ரொட்டண்டிகாடா. ரொட்டண்டிகாடா என்ற இலத்தீன் சொல்லின் பொருளே உருண்டை வால் என்பதுதான். நால்வரில் மிகச் சிறியது, பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்களுக்கு இடையிலுள்ள சேற்றையும் ஆற்று முகத்தையும் விரும்புவது. வால் முக்கோணமாக, மேல்விளிம்பில் முள்முள்ளாக இருந்தால் அது டாக்கிப்ளியஸ் கைகாஸ். உடல் பெரியது, மணல் கலந்த கரையில் முட்டையிட வருவது. மூன்றாவது இனமான டாக்கிப்ளியஸ் ட்ரைடென்டேட்டஸைப் பார்க்க சபா, சரவாக் போக வேண்டும்.

வகையை முதலில் குறித்துக்கொள்வது முக்கியம். எந்த வீடு என்று தெரியாமல் குடியிருப்பவர் யார் என்று தேட முடியாது. நான் இந்தக் கரையில் பார்த்தவரை, உருண்டை வால்காரரின் முதுகில் சேறுதான் அதிகம், முக்கோண வால்காரரின் முதுகில்தான் குடித்தனம் அதிகம்.

வாலைப் பார்க்க வேண்டும் என்பதற்காக வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். கவிழ்ந்துவிட்டால் நிமிர்வதற்கு அதனிடம் இருக்கும் நெம்புகோல் அது. ஓட்டின் இரு பக்க விளிம்பையும் இரு கைகளாலும் பிடித்தால் போதும். அது கடிக்காது, கொட்டாது.

முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கல் போல இருக்கிறதே, அது ஓட்டில் வந்த புண்ணா?

புண் இல்லை, உயிர். அதுதான் பார்னக்கிள். மலாய் மீனவர்கள் தெரித்திப் என்பார்கள், தமிழில் கொட்டலசு என்ற பெயர் உண்டு. சின்ன எரிமலை போன்ற கூம்பு, சுற்றிலும் சுண்ணாம்புத் தகடுகள், உச்சியில் ஒரு வாய். அந்த வாயை மூடித் திறக்கக் கதவு போன்ற தகடுகள் இருக்கும். தண்ணீர் வற்றியதும் கதவு சாத்தப்படும். அதனால்தான் கரையில் பார்ப்பவர்களுக்கு அது கல்லாகத் தெரிகிறது.

ஒரு தெளிவான வாளித் தண்ணீரில் பெலாங்காஸைச் சற்று நேரம் வைத்துப் பாருங்கள். கதவு திறந்து, சிறகு போன்ற கால்கள் வெளியே வந்து தண்ணீரைத் துழாவும். குஞ்சுப் பருவத்தில் நீந்தித் திரிந்து, இடம் பிடித்ததும் தலைப்பக்கத்தைப் பசையால் ஒட்டிக்கொண்டு, அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் காலால் உணவைத் துழாவி எடுக்கும் உயிர் இது. ரப்பர்ப் பாலை உறைய வைக்க என் அம்மா தோட்டத்தில் அமிலம் கலப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். உப்புத் தண்ணீருக்குள்ளேயே இறுகும் இந்தப் பசை எனக்கு இன்றும் வியப்புதான். 1830 வரை இதை நத்தை, சிப்பி இனத்தில்தான் சேர்த்திருந்தார்கள். ஜான் வான் தாம்சன் அதன் நீந்தும் குஞ்சைப் பார்த்த பிறகுதான் அது நண்டின் உறவு என்று தெரிந்தது.

அட்டை மாதிரி இரத்தம் உறிஞ்சுகிறதா?

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அட்டை நன்றாகத் தெரியும் என்பதால் இந்தக் கேள்வி தவறாமல் வரும். பதில் தோட்டத்திலேயே இருக்கிறது. செம்பனையின் வெட்டிய மட்டை அடிகளில் பெரணி கொத்துக் கொத்தாக வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது மரத்தின் மேல் வாழ்கிறது, மரத்தைத் தின்பதில்லை. மாமரத்தில் வரும் புல்லுருவி அப்படியல்ல, கிளைக்குள் வேர் விட்டுச் சாற்றை எடுக்கும்.

பார்னக்கிள், சிப்பி, குழாய்ப் புழு எல்லாம் பெரணி வகை. தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களே அவற்றுக்கு உணவு. பெலாங்காஸ் அவற்றுக்கு நிலமும் வாகனமும் மட்டுமே. அதற்காகத் தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். கூட்டம் பெருகினால் சுமை கூடும், கண்ணின் மேல் ஒட்டினால் பார்வை மறையும், செவுளில் நெருக்கினால் மூச்சுக்கு இடைஞ்சல்.

பெயர் தெரியாத ஒன்றைப் பார்த்தால் எங்கிருந்து தொடங்குவது?

பெயரிலிருந்து தொடங்காதீர்கள். இடத்திலிருந்து தொடங்குங்கள். மேல் ஓட்டில் இருக்கிறதா, கண் ஓரத்திலா, வால் பொருந்தும் மூட்டிலா, அடிப்பக்கத்தில் கால்களுக்கு நடுவிலா, செவுள் தாள்களுக்கு இடையிலா? அலை அடிக்கும் மேல்பக்கத்தில் உறுதியான ஓடு உள்ளவை தாக்குப்பிடிக்கும். மென்மையானவை அடிப்பக்கத்தின் நிழலைத் தேடும். இடத்தைக் குறித்தாலே பட்டியலில் பாதி கழிந்துவிடும்.

அடுத்து விரல் நுனியால் மெல்லத் தொடுங்கள். கடினமாக இருந்தால், எத்தனை ஓடு என்று பாருங்கள். பல தகடுகள் சேர்ந்த கூம்பு என்றால் பார்னக்கிள். இரண்டு ஓடு, அதில் ஒன்று முழுவதும் தளத்தோடு ஒட்டி, விளிம்பு கோணல்மாணலாக இருந்தால் சிப்பி. இரண்டு ஓடும் ஒரே அளவில், நூல் போன்ற நார்களால் கட்டியிருந்தால் மட்டி. ஒரே ஓடு, தொப்பி கவிழ்த்தது போல் இருந்தால் நத்தை இனம். வளைந்து நெளிந்து தரையோடு ஓடும் வெள்ளைக் குழாய் என்றால் குழாய்ப் புழு. இந்தக் குழாயையும் பார்னக்கிளையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. குழாயின் வாய் ஒரு முனையில் இருக்கும், பார்னக்கிளின் வாய் உச்சியில் இருக்கும். சுண்ணாம்பாக இல்லாமல், தொட்டதும் உதிரும் சேற்றுக் குழாயாக இருந்தால், அது வேறு வகைப் புழுவோ இறாலின் சின்னஞ்சிறு உறவினரோ கட்டிய வீடு.

மென்மையாக இருந்தால், காம்பு இருக்கிறதா என்று பாருங்கள். சதைப்பற்றுள்ள காம்பும் அதன் நுனியில் சின்ன மொட்டும் இருந்தால் அது காம்புள்ள பார்னக்கிள், பெரும்பாலும் ஆக்டோலாஸ்மிஸ் பேரினம். கால் அடியிலும் செவுள் பக்கத்திலும் தேட வேண்டியது அது. காம்பில்லாமல் வழுவழுப்பான உருண்டையாக, தண்ணீரில் வைத்ததும் இதழ் விரித்தால் கடற்சாமந்தி. இடம் பெயர்ந்துகொண்டே இருந்தால் அது குடியிருப்பவர் அல்ல, வந்துபோகும் விருந்தாளியாகவும் இருக்கலாம்.

ஒரே பார்னக்கிள்தானே, ஏன் சிலது உயரமாகவும் சிலது தட்டையாகவும் இருக்கின்றன?

இரண்டு காரணங்கள். ஒன்று நெருக்கம். பக்கத்தில் இடமில்லாவிட்டால் ஒரே இனம்கூட மேல்நோக்கி வளரும். இன்னொன்று, உண்மையிலேயே வேறு இனமாக இருக்கலாம். வெள்ளையில் ஊதாக் கோடுகள் நெடுக்காக ஓடினால் ஆம்ஃபிபாலனஸ் ஆம்ஃபிட்ரைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். படகின் அடியிலும் பாலத்தூணிலும் ஒட்டுவது அதுவே. தடித்து, அகன்று, தட்டையாக இருந்தால் கெலோனிபியாவை நினைக்கலாம். அது கல்லில் ஒட்டாது. கடலாமை, நண்டு, லாட நண்டு என்று நடமாடும் உயிர்களையே தேடிப்போகும்.

வட்டமான வெள்ளைத் தடம் மட்டும் இருந்து, மேலே ஒன்றும் இல்லாவிட்டால், அங்கே ஒரு பார்னக்கிள் இருந்து விழுந்துவிட்டது என்று பொருள். அடித்தட்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாசி மாதிரி வலை வலையாகப் படர்ந்திருக்கிறதே, அது செடிதானே?

பச்சையாக, வழுக்கினால் பாசியாக இருக்கலாம். சாம்பல் வெள்ளையாக, பூத்தையல் துணி ஒட்டியது போல் இருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுங்கள். சின்னஞ்சிறு அறைகள் லயன் வீடுகளைப் போல வரிசையாகத் தெரியும். ஒவ்வோர் அறையிலும் ஓர் உயிர். இதைப் பாசிவிலங்கு, பிரையோசோவா என்பார்கள். ஓர் அறை ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியது என்பதால் வெறும் கண்ணுக்கு வலை மட்டுமே தெரிகிறது. படராமல் மெல்லிய இறகுபோல நிமிர்ந்து நின்றால் அது ஹைட்ராய்டு, கடற்சாமந்திக்கும் சொறிமீனுக்கும் உறவு.

கவிழ்த்துப் பார்த்தபோது செவுளில் வெள்ளையாக ஏதோ ஊர்ந்தது. நோயா?

தட்டைப்புழுவாக இருக்கும். ஆசிய லாட நண்டுகளில் வாழ்வது எக்டோபிளானா லிமுலி, அமெரிக்க இனத்தில் வாழ்வது டெல்லூரா கேண்டிடா. புழு என்றதும் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அவர்களைச் சற்று நேரம் பார்க்கச் சொல்வேன். கால் இல்லாமல் தண்ணீர் வழிவது போல நழுவும் அதன் அழகைப் பார்த்த பிறகு சுளிப்பு போய்விடும். பெலாங்காஸ் உண்ணும்போது சிதறும் துணுக்குகளே இதற்குச் சாப்பாடு.

பெலாங்காஸின் செவுள் புத்தகத் தாள்களைப் போல அடுக்கடுக்காக இருக்கும். அந்தத் தாள்களில் பழுப்பு நிறச் சிறு கூடுகள் ஒட்டியிருந்தால் அவை இந்தப் புழுவின் முட்டைக்கூடுகள். மேலே சொன்ன பெரணி உதாரணம் இங்கே முழுதாகப் பொருந்தாது. கூடு ஒட்டிய இடத்தில் தாள் சேதப்படுவது உண்டு. செவுளை விரல் விட்டுப் பிரித்துப் பார்க்க வேண்டாம். அது தானாக அசைக்கும்போது தெரிவது போதும்.

குட்டிகளின் ஓடு மட்டும் ஏன் துடைத்து வைத்தது போல் இருக்கிறது?

குட்டி வளர வளர ஓட்டைக் கழற்றிவிடும். முதுகில் யார் குடியேறினாலும் பழைய ஓட்டோடு போய்விடுவார்கள். அதிகம் ஆராயப்பட்ட அமெரிக்க இனமான லிமுலஸ் பாலிஃபீமஸ் பருவம் அடைவதற்குள் 16 முதல் 18 முறை தோலுரிக்கிறது, அதற்கு 9 முதல் 12 ஆண்டுகள் ஆகின்றன. பருவம் வந்த பிறகு தோலுரிப்பது நின்றுவிடும். அதன் பிறகு கடைசி ஓடுதான், சாகும்வரை அதே ஓடுதான். குடியேறியவர்களுக்கு இனி வெளியேற்றம் இல்லை.

அப்படியானால் பார்னக்கிள்களை எண்ணி வயதைச் சொல்லிவிடலாமே?

சொல்ல முடியாது. இதைக் கேட்டவன் ஐந்தாம் வகுப்புச் சிறுவன். கேள்வி அருமையானது, அதனால் பதிலைக் கவனமாகச் சொல்கிறேன். வெதுவெதுப்பான கடலில் பார்னக்கிள் வேகமாக வளரும், சில வாரங்களிலேயே பருவம் அடைந்துவிடும். ஒரே அலையில் வந்த குஞ்சுகள் நூறாக ஒட்டியிருக்கலாம். மணலில் புதையும்போது பாதி உதிர்ந்தும் இருக்கலாம். எனவே எண்ணிக்கை வயதாகாது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். முதுகில் இருப்பவற்றிலேயே மூத்த குடியின் வயது எவ்வளவோ, அவ்வளவு காலமாவது இந்த ஓடு கழற்றப்படவில்லை. ஓடு கறுத்து, தேய்ந்து, பார்னக்கிள் மேல் பார்னக்கிள் ஏறி, பழையவை செத்து வெறும் கூம்பாக நின்றால், அது முதிர்ந்த உயிர். பிள்ளைகளிடம் அதைத் தாத்தா, பாட்டி என்று அறிமுகம் செய்வேன்.

பாவமாக இருக்கிறது, சுரண்டி எடுத்துவிட்டால் அதற்கு நல்லதுதானே?

தயவுசெய்து வேண்டாம். ஒருமுறை, நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு மாணவன் இரக்கப்பட்டே பேனாக்கத்தியால் ஒரு பார்னக்கிளை நெம்பிவிட்டான். அது தனியாக வரவில்லை, ஓட்டின் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு வந்தது. உள்ளிருந்து வெளிறிய நீர் கசிந்து, காற்றுப் பட்டதும் நீலமாக மாறியது. அதன் இரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு இருப்பதால் வரும் நிறம் அது. அந்தப் பையன் அழுதுவிட்டான், நானும் கலங்கிப்போனேன்.

கசிந்த இடத்தில் இரத்தம் விரைவாகக் கட்டியானது. கிருமி நச்சு பட்டதும் கட்டியாகும் இந்தக் குணத்தை 1956-இல் ஃபிரெடரிக் பாங் விவரித்தார். அதிலிருந்து பிறந்த சோதனையால்தான் தடுப்பூசிகளும் ஊசி மருந்துகளும் தூய்மையானவையா என்று பல ஆண்டுகளாகப் பார்க்கிறார்கள். பருவம் வந்த ஓட்டுக்கு மாற்று ஓடு இல்லை என்பதை மேலே சொன்னேன். உடைத்த இடம் உடைந்த இடமாகவே நிற்கும். பார்ப்பது, படம் எடுப்பது, எடுத்த இடத்திலேயே விடுவது. அதற்கு மேல் நம் வேலை இல்லை.

பெண்ணின் முதுகில் பின்பாதி மட்டும் வழுக்கையாக இருக்கிறதே?

ஆண் இருந்த இடம் அது. எப்போதும் சேர்ந்தே திரிபவர்களைப் பெலாங்காஸ் மாதிரி என்று மலாயில் சொல்வார்கள். பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய பெரிய ஏற்றத்தில், பெண்ணின் பின்னால் ஆண் பற்றிக்கொண்டே கரைக்கு வரும். ஆசிய இனங்களில் ஆணுக்கு இரண்டு இணைப் பற்றுக்கால்கள் உண்டு. அமெரிக்க ஆணுக்கு ஓர் இணைதான். பற்றுக்கால்களும் ஆணின் ஓட்டு விளிம்பும் உரசி உரசி அந்த இடம் தேய்ந்து கறுக்கும். அங்கே பார்னக்கிள் நிலைக்காது. எனவே முன்பாதியில் குடித்தனமும் பின்பாதியில் தேய்மானமும் இருந்தால், முதுகே அது பெண் என்று சொல்கிறது.

அமெரிக்கக் கரையில் ஜேன் புரோக்மன் செய்த ஆய்வுகளில், துணையின்றி வந்து இணைகளைச் சூழ்ந்து நிற்கும் ஆண்களே, பற்றியிருக்கும் ஆண்களைவிட மூத்தவையாகவும், ஓடு தேய்ந்து குடியேறிகள் மிகுந்தவையாகவும் இருப்பது தெரிந்தது.

இணையத்தில் படத்தோடு ஒப்பிட்டேன், செருப்பு நத்தை என்று வந்தது. சரியா?

பெரும்பாலும் தவறு. இணையத்தில் கிடைக்கும் லாட நண்டுப் படங்களில் பல அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் எடுத்தவை. அங்கே கிரெபிடுலா என்ற செருப்பு நத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி உட்காரும். அடியில் பெரிய பெண், மேலே சிறிய ஆண்கள். ஆணாகத் தொடங்கிப் பிறகு பெண்ணாக மாறும் உயிர் அது. நம் கரையில் அந்த இடத்தில் நீங்கள் பார்த்தது சிப்பியின் ஒட்டிய ஓடாக இருக்க வாய்ப்பு அதிகம். படத்தைப் பார்க்கும் முன் அது எந்தக் கடலில் எடுத்தது என்று பாருங்கள்.

அதன் முட்டையைச் சாப்பிடலாமா?

உருண்டை வால் இனத்தைச் சாப்பிடவே வேண்டாம். பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு, டெட்ரோடோடாக்சின், அதிலும் இருக்கலாம். வேகவைத்தாலும் போகாது. உயிர் போனவர்கள் உண்டு. இரண்டு வகையையும் பிரிக்கத் தெரியாதவர் எதையும் சாப்பிடாமல் இருப்பதே வழி.

கரையொதுங்கிய காலி ஓட்டை வைத்துப் பழகலாமா?

தாராளமாக. முதலில் அது உரித்த தோலா, செத்த உடலா என்று பாருங்கள். உரித்த தோல் மெலிந்து, முன் விளிம்பு நெடுகப் பிளந்திருக்கும், அந்த வழியாகத்தான் உயிர் வெளியேறியது. செத்ததில் பிளவு இருக்காது, நாற்றம் இருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். பார்னக்கிள் ஓட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால், பெலாங்காஸ் போன பிறகு வந்து ஒட்டியது அது. உயிரோடு இருந்தபோது அங்கே சதை இருந்திருக்கும். எனவே காலி ஓட்டின் குடியேறிகளை எல்லாம் உயிருள்ள பெலாங்காஸின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். உட்புறம் தனி, வெளிப்புறம் தனி.

இன்ன இனம் என்று கடைசிவரை சொல்ல முடியாதா?

சிலவற்றை முடியும். பலவற்றைக் கரையில் நின்று சொல்ல முடியாது. பார்னக்கிளின் இனத்தை உறுதிசெய்ய அதன் கதவுத் தகடுகளைக் கழற்றி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சார்லஸ் டார்வின் 1846 முதல் எட்டு ஆண்டுகள் பார்னக்கிள்களோடுதான் உட்கார்ந்திருந்தார். குறிப்பேட்டில் பார்னக்கிள், கூம்பு வகை, ஊதாக் கோடு, இடது கண்ணுக்கு அருகில் என்று எழுதுவது முழுமையான குறிப்பு. தெரியாத இலத்தீன் பெயரைத் துணிந்து எழுதுவது தவறான குறிப்பு. படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு இருபது சென் நாணயத்தை வையுங்கள். பிறகு பார்ப்பவருக்கு அளவு தெரியும்.

அதே பெலாங்காஸை மறுபடி பார்த்தால் அடையாளம் தெரியுமா?

சில நேரம் தெரியும். ஓட்டின் மேல் குடியேறியவர்கள் அமர்ந்திருக்கும் வரிசை ஒவ்வொன்றுக்கும் வேறு. மேலே சொன்னபடி சிலது உதிரும், புதிது வரும் என்பதால் ஒன்றை மட்டும் நம்பாமல் ஓட்டின் உடைவு, வால் நுனியின் வளைவு ஆகியவற்றையும் சேர்த்துக் குறிக்க வேண்டும்.

எங்கள் குறிப்பேட்டில் ஒரு பெண் பெலாங்காஸ் இருக்கிறது. வலது கண்ணுக்குப் பின்னால் அடுப்புக் கற்களைப் போல மூன்று பார்னக்கிள்கள், இடது விளிம்பில் அரைவட்ட உடைவு. மூன்று பௌர்ணமிகளில் அதைப் பார்த்தோம். மூன்றாம் முறை அடுப்புக் கற்களில் ஒன்று உதிர்ந்து, வெள்ளை வட்டம் மட்டும் இருந்தது. பக்கத்தில் கடுகளவில் ஒரு புதுக் கூம்பு. அதை முதலில் கண்டுபிடித்தவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி. அவள் படமும் வரைந்து, தேதியும் எழுதிவைத்திருக்கிறாள்.